வட்டிக் குறைப்பு ஜாடை: யாருக்குக் கொண்டாட்டம்?

2025 ஆகஸ்ட் 22-ம் தேதி, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் வயோமிங் ராஜ்யத்தில், மலைகளுக்கு நடுவேயுள்ள ஜாக்ஸன் ஹோல் என்ற இடத்தில், அந்நாட்டு மத்திய பாங்கியான பெடரல் ரிசர்வின் அப்போதைய தலைவர் ஜெரோம் பவல் ஒரு பிரசங்கம் செய்தார். வட்டியைக் குறைத்துவிட்டோம் என்று அவர் சொல்லவில்லை. குறைக்கப் போகிறோம் என்றும் சொல்லவில்லை. நிலைமை மாறி வருகிறது, அபாயங்களின் பாரம் ஒரு தட்டிலிருந்து மறு தட்டுக்குச் சாய்கிறது, ஆகவே நமது கொள்கையைத் திருத்தியமைக்க வேண்டி வரலாம் என்று சொன்னார். ‘வரலாம்’ - அவ்வளவுதான். அன்று மாலை நியூயார்க் பங்கு மார்க்கெட் மூடும்போது டோ ஜோன்ஸ் குறியீட்டெண் 846 புள்ளிகள் ஏறி, அதுவரை கண்டிராத உயரத்தில் நின்றது.

ஒரு மீட்டர் துணி கூட அன்று கூடுதலாக நெய்யப்படவில்லை. ஒரு மூட்டை கோதுமை கூட அதிகமாக விளையவில்லை. எந்தச் சுரங்கத்திலும் ஒரு கூடை நிலக்கரி அதிகம் வெட்டப்படவில்லை. இருந்தும், பங்குகளை வைத்திருந்த கனவான்களின் சொத்து சில மணி நேரத்தில் ஊதிப் பெருத்தது. ‘லாம்’ என்ற இரண்டெழுத்துக்கு இத்தனை மதிப்பா என்று நம் வாசகர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். தினசரிப் பத்திரிகைகளின் வியாபாரப் பக்கத்தைப் புரட்டாமல் தள்ளிவிடுவது நம்மில் பலருக்கு வழக்கம். ஆனால் அந்தப் பக்கத்தில் எழுதப்படுவது நமது கூலியைப் பற்றியும் நமது வேலையைப் பற்றியும்தான். நமக்குப் புரியாத பாஷையில் எழுதப்படுகிறது, அதுதான் வித்தியாசம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 100 ரூபாய்க்கு ஒரு கடன் பத்திரம். ஆண்டுக்கு 7 ரூபாய் வட்டி. 10 ஆண்டு கழித்து முதல் திரும்பும். நாட்டில் வட்டி விகிதம் 6 சதவிகிதமாக இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வெளிவரும் பத்திரம் 6 ரூபாய்தான் தரும். அப்போது பழைய 7 ரூபாய்ப் பத்திரத்தை எவனாவது 100 ரூபாய்க்கு விற்பானா? 107 ரூபாய்க்குக் குறைந்து கொடுக்க மாட்டான். விரலை அசைக்காமல் நூற்றுக்கு ஏழு லாபம். ஷேர்களுக்கும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். கம்பெனிக்குக் கடன் செலவு குறையும்; பாங்கியில் போட்ட பணத்துக்கு வட்டி குறைவதால் பணமெல்லாம் ஷேரைத் தேடி ஓடும்; விலை ஏறும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வட்டி குறைந்த பிறகு வாங்குகிறவன் 107 கொடுக்க வேண்டும். குறையும் என்று முன்னதாகவே தெரிந்தவன் 100-க்கு வாங்கிவிடுவான். ஆகவே பணமூட்டைகளின் பிழைப்பெல்லாம் முன்கூட்டித் தெரிந்துகொள்வதில் இருக்கிறது. பருத்திக்கு முன்பேர வியாபாரம் உண்டு என்பது பஞ்சாலைத் தோழர்களுக்குத் தெரியும். சிகாகோ நகரத்தில் 1988 முதல் வட்டி விகிதத்துக்கே முன்பேரம் நடக்கிறது. 100-லிருந்து வட்டி விகிதத்தைக் கழித்தால் வருவதுதான் அதன் விலை. விலை 96 என்றால், அந்த மாதம் வட்டி 4 சதவிகிதமாக இருக்கும் என்று பந்தயம். பஞ்சு இல்லை, மூட்டை இல்லை, கிடங்கு இல்லை. பவல் வாய் திறக்கும் முன்னும் பின்னும் இந்த விலையைப் பார்த்துத்தான் ‘வட்டி குறைய இத்தனை சதவிகிதம் வாய்ப்பு’ என்று பத்திரிகைகள் எழுதுகின்றன.

ஒரு காலத்தில் இந்த ஆரூடத்துக்கு ஆதாரமும் கிடையாது. 1994 பிப்ரவரி வரையில், கமிட்டி கூடி முடிவு செய்தவுடன் அதை வெளியே அறிவிக்கும் வழக்கமே பெடரல் ரிசர்வுக்கு இல்லை. அது மார்க்கெட்டில் பத்திரங்களை வாங்குவதையும் விற்பதையும் வைத்து வியாபாரிகள் ஊகித்தார்கள். 1987 முதல் 2006 வரை தலைவராக இருந்த ஆலன் கிரீன்ஸ்பான், யாருக்கும் பிடிபடாதபடி பேசுவதில் பேர் வாங்கியவர். கூட்டத்துக்கு அவர் நடந்து போகும்போது கையிலிருக்கும் தோல்பை தடித்திருக்கிறதா, மெலிந்திருக்கிறதா என்று ஒரு டெலிவிஷன் கம்பெனி படம் பிடித்துக் காட்டியது. பை தடித்திருந்தால் உள்ளே காகிதங்கள் அதிகம், ஆகவே வட்டி மாறும் என்று பலன் சொன்னார்கள். பல்லி விழுந்த பலன் பார்க்கும் நம் பாட்டிமாரைப் பார்த்துச் சிரிக்கும் படித்த கனவான்கள் இவர்கள்!

பிறகு பெடரல் ரிசர்வே ஜாடை காட்டுவதை ஒரு முறையாக்கிக்கொண்டது. 2011-லிருந்து தலைவர் பத்திரிகைக்காரர்களைக் கூட்டிப் பேசுகிறார். 2012-லிருந்து கமிட்டியினர் ஒவ்வொருவரும் அடுத்து வரும் ஆண்டுகளில் வட்டி எங்கே நிற்கும் என்று தாம் நினைப்பதை ஒரு புள்ளியாக வைக்க, அந்தப் புள்ளிக்கோலம் வெளியிடப்படுகிறது. முந்தைய அறிக்கையையும் புதிய அறிக்கையையும் அருகருகே வைத்து, எந்தச் சொல் நீங்கியது, எந்தச் சொல் சேர்ந்தது என்று தேடுகிறார்கள். இப்போது மனிதக் கண் கூட அல்ல, கம்ப்யூட்டர்களே படித்து நொடிக்குள் வாங்கியும் விற்றும் விடுகின்றன.

படித்ததை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள்? இரண்டு டிசம்பர் மாதங்கள் இதற்குச் சாட்சி. 2023 டிசம்பர் 13-ம் தேதி வெளியான புள்ளிக்கோலம், 2024-ல் கால் கால் சதவிகிதமாக மூன்று முறை வட்டி குறையலாம் என்று காட்டியது. டோ ஜோன்ஸ் முதல் தடவையாக 37,000-ஐத் தாண்டியது. அதோடு நிற்கவில்லை. மூன்று என்று சொன்னதை ஆறு என்று படித்தார்கள்; மார்ச்சிலேயே தொடங்கிவிடும் என்று பந்தயம் கட்டினார்கள். நடந்தது என்ன? மார்ச் போயிற்று, ஜூன் போயிற்று. செப்டம்பர் 18-ம் தேதிதான் முதல் குறைப்பு வந்தது. அந்த ஆண்டு முழுவதற்கும் சேர்த்துக் குறைந்தது 1 சதவிகிதம், அதாவது நாலு கால். தனக்கு வேண்டியதை மட்டும் கேட்கும் காது பணத்துக்கு உண்டு.

அடுத்த டிசம்பரில் இதற்கு நேர்மாறு. 2024 டிசம்பர் 18-ம் தேதி வட்டி உண்மையாகவே கால் சதவிகிதம் குறைக்கப்பட்டது. மார்க்கெட் குதித்திருக்க வேண்டுமல்லவா? டோ ஜோன்ஸ் அன்று 1,123 புள்ளிகள் விழுந்தது. ஏனென்றால், 2025-ல் நாலு முறை குறையும் என்று செப்டம்பரில் காட்டியிருந்த புள்ளிகள் இப்போது இரண்டு முறைதான் என்று காட்டின. கையில் வந்த குறைப்பு அவர்களுக்கு ஒரு பொருட்டல்ல. அதை அவர்கள் முன்னமேயே விலையில் ஏற்றி, லாபத்தையும் எடுத்தாகிவிட்டது. அடுத்த குறைப்பைப் பற்றிய ஜாடைதான் அவர்களுடைய சரக்கு.

இது பணக்காரர்கள் தங்களுக்குள் ஆடும் சூதாட்டம், நமக்கென்ன என்று விட்டுவிடலாமா? விட முடியாது. ஜாடைக்குள் இருக்கும் செய்தி என்ன என்பதைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

ஜாக்ஸன் ஹோலில் பவல் சொன்ன காரணம் இதுதான்: ஆட்களுக்குத் தேவை குறைந்து வருகிறது, வேலை நிலவரம் மோசமாகும் அபாயம் கூடிவருகிறது, அப்படி மோசமானால் ஆட்குறைப்பு மளமளவென்று பெருகி, வேலையின்மை வேகமாக உயரக்கூடும். மூன்று வாரங்களுக்கு முன், ஆகஸ்ட் 1-ம் தேதி, அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர இலாகா ஒரு கணக்கு வெளியிட்டிருந்தது. ஜூலையில் புதிதாகக் கிடைத்த வேலைகள் 73,000 மட்டுமே. மே, ஜூன் மாதங்களுக்கு முன்பு சொல்லியிருந்த கணக்கிலும் 2,58,000 வேலைகள் உண்மையில் இல்லை என்று திருத்தப்பட்டது. (கணக்கு பிடிக்காத ஜனாதிபதி டிரம்ப், கணக்கு எழுதிய இலாகாவின் தலைவரை அன்றே வேலையிலிருந்து நீக்கினார். வேலையின்மையைப் போக்க அவர் அன்று எடுத்த நடவடிக்கை அது.)

ஆகஸ்ட் 1-ம் தேதி அந்தச் செய்தி வந்தபோது பங்கு மார்க்கெட் பயந்து இறங்கியது. ஆகஸ்ட் 22-ம் தேதி அதே செய்தியை மத்திய பாங்கித் தலைவர் வாயால் சொல்லி, கூடவே வட்டிக் குறைப்பு ஜாடையும் காட்டியதும் கூத்தாடியது. காய்ச்சல் அதே காய்ச்சல். மருந்து எழுதித் தருவேன் என்று வைத்தியர் தலையசைத்ததும், நோயாளி எழுந்து உட்காரவில்லை. மருந்துக் கடைக்காரர் குதித்தார். செப்டம்பர் 17-ம் தேதி வட்டி கால் சதவிகிதம் குறைக்கப்பட்டது.

இதே பவல், இதே ஜாக்ஸன் ஹோலில், 2022 ஆகஸ்ட் 26-ம் தேதி பேசியதையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். அப்போது அமெரிக்காவில் வேலை தாராளமாகக் கிடைத்தது. முதலாளிகள் ஆள் கிடைக்காமல் கூலியை உயர்த்த வேண்டியிருந்தது. விலைவாசியும் கடுமையாக ஏறியிருந்தது. விலைவாசியை அடக்க வட்டி உயர்ந்தே இருக்கும், வேலை நிலவரம் தளர வேண்டும், குடும்பங்களுக்குக் கொஞ்சம் வேதனை இருக்கும் என்று ஒளிக்காமல் சொன்னார். டோ ஜோன்ஸ் 1,008 புள்ளிகள் விழுந்தது. குடும்பங்களின் வேதனைக்காக இரங்கி விழுந்ததென்று யாரும் நினைக்க வேண்டாம். வட்டி இப்போதைக்குக் குறையாது என்ற ஜாடைக்காக விழுந்தது.

ஆக, தொழிலாளிக்கு வேலையும் கூலியும் பலமாக இருக்கும் மாதத்தில் மார்க்கெட் முகத்தைத் தொங்கப் போடுகிறது. வேலை தளரும் மாதத்தில் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறது. எப்போதும் எல்லா நாளும் இப்படி என்று நாம் சொல்லவில்லை. சரக்கு வாங்க ஆளில்லாத அளவுக்கு வேலை போய்விட்டால் அவர்களும் அஞ்சுவார்கள். கூலி ஏறாத அளவுக்கு வேலையின்மை, சரக்கு விற்கிற அளவுக்கு வேலை - இதுதான் அவர்கள் தேடும் பக்குவம். அந்தப் பக்குவம் வந்துவிட்டது என்று மத்திய பாங்கி கண்ணடித்தால் கொண்டாட்டம்.

பழைய கதைகளையும் பார்ப்போம். 1979-லிருந்து பால் வோல்க்கர் தலைமையில் பெடரல் ரிசர்வ் வட்டியை ஏற்றிக்கொண்டே போய், 1981-ல் 20 சதவிகிதம் வரை கொண்டுபோய் நிறுத்தியது. ஆலைகள் மூடப்பட்டன. வீடு கட்டும் தொழில் படுத்தது. கட்டுமானக்காரர்கள் விற்காமல் கிடந்த மரச்சட்டங்களை வெட்டி, தபாலில் வோல்க்கருக்கே அனுப்பினார்கள். கடனில் மூழ்கிய விவசாயிகள் டிராக்டர்களை ஓட்டிவந்து பெடரல் ரிசர்வ் கட்டடத்தை மறித்தார்கள். 1982 ஆகஸ்ட் மாதம் வேலையில்லாதவர்கள் ஒரு கோடிக்கு மேல். அந்த மாதம் 17-ம் தேதி, வட்டி இறங்காது என்று அதுவரை சொல்லிவந்த பேர்போன வால்ஸ்ட்ரீட் நிபுணர் ஹென்றி காஃப்மன், இனி இறங்கும் என்று மாற்றிச் சொன்னார். டோ ஜோன்ஸ் 38.81 புள்ளி ஏறியது. அந்தக் காலத்தில் அது பெரிய எண். ஒரே நாளில் அவ்வளவு புள்ளி அதற்கு முன் ஏறியதில்லை. வேலையின்மையோ ஏறிக்கொண்டே போய் ஆண்டு முடிவில் 10.8 சதவிகிதத்தைத் தொட்டது. மார்க்கெட்டுக்கு ஆகஸ்டிலேயே விடிந்துவிட்டது. தொழிலாளிக்கு டிசம்பரிலும் இருட்டு.

2007 செப்டம்பர் 18-ம் தேதி பெடரல் ரிசர்வ் அரை சதவிகிதம் குறைத்தது. டோ ஜோன்ஸ் 335 புள்ளி ஏறியது. அக்டோபர் 9-ம் தேதி புதிய சிகரம். டிசம்பரில் பெருமந்தம் தொடங்கியது. 2009 அக்டோபரில் அமெரிக்கத் தொழிலாளரில் பத்தில் ஒருவருக்கு வேலையில்லை. கட்டடம் சரியப்போகிறது என்று வந்த முதல் சத்தத்தை வாணவேடிக்கை என்று எண்ணிக் கைதட்டியவர்கள்தான் பொருளாதார நிபுணர்கள் என்று ஊருக்கு உபதேசம் செய்கிறார்கள்.

‘வட்டி குறைந்தால் ஏழைக்கும் நல்லதுதானே? வட்டி ஏறியதால்தானே 1982-ல் ஆலைகள் மூடின?’ என்று ஒரு வாதம் வரும். நியாயமான வாதம்தான். உயர்ந்த வட்டி வேண்டும் என்று நாம் ஒருபோதும் கேட்கமாட்டோம். வட்டி இறங்கினால் வீடு கட்டுவது பெருகும், கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வேலை வரும். ஆலைக்குப் புது இயந்திரம் வாங்கக் கடன் கிடைக்கும். அந்தப் புது இயந்திரம் நாலு பேர் வேலையை ஒருவரிடம் சுமத்துமா என்பது வேறு கேள்வி. நாம் சொல்வது இதுதான்: ஜாடையின் பலன் பணம் படைத்தவனுக்கு அன்று மாலைக்குள் போய்ச் சேருகிறது, வேலை தேடுபவனுக்கு மாதக்கணக்கில் கழித்து, கசிந்தது போக மிச்சம் சேருகிறது. அமெரிக்காவில் பங்குகளில் நூற்றுக்கு 85-க்கு மேல், மேல்தட்டுப் பத்து சதவிகிதக் குடும்பங்களிடம் இருக்கிறது என்று பெடரல் ரிசர்வின் சொந்தக் கணக்கே காட்டுகிறது. அந்தப் பெடரல் ரிசர்வின் அமைப்பில் உள்ள 12 வட்டாரப் பாங்கிகளின் பங்குகளை வைத்திருப்பவை தனியார் பாங்கிகள். ஒவ்வொன்றிலும் ஒன்பது டைரக்டர்களில் ஆறு பேரைத் தேர்ந்தெடுப்பவையும் அவையே. ‘நிறைந்த வேலைவாய்ப்பு, நிலையான விலைவாசி’ என்ற இரண்டு கடமைகளையும் 1977-ல் சட்டம் அதன் தலையில் சுமத்தியது உண்மை. ஜாடை யார் காதில் முதலில் விழுகிறது என்பதும் உண்மை.

வால்ஸ்ட்ரீட் ஜாடை நம் ஊர் எல்லையோடு நின்றுவிடுகிறதா? 2013 மே 22-ம் தேதி, அப்போதைய தலைவர் பென் பெர்னான்கி அமெரிக்கக் காங்கிரஸ் முன் ஒரு வார்த்தை சொன்னார். மாதம் 8,500 கோடி டாலருக்குப் பத்திரங்களை வாங்கி மார்க்கெட்டில் பணம் விட்டுவந்ததை, அடுத்த சில கூட்டங்களில் குறைக்கத் தொடங்கலாம் என்றார். இங்கேயும் ‘லாம்’தான், இந்தத் தடவை எதிர்த் திசையில். பணம் இனி அருமைப்படும் என்று அந்நிய மூலதனம் இந்தியாவிலிருந்து வெளியே ஓடியது. மே மாதத்தில் ஒரு டாலருக்கு 55 ரூபாய் சுமாராக இருந்தது ஆகஸ்ட் 28-ம் தேதி 68-ஐத் தாண்டியது. ரூபாயைக் காப்பாற்ற நமது ரிசர்வ் பாங்கி, பாங்கிகள் அவசரத்துக்கு வாங்கும் கடனுக்கான வட்டியை ஜூலையிலேயே 10.25 சதவிகிதமாக்கியது. பெட்ரோலும் டீஸலும் டாலர் கொடுத்து வாங்கும் எண்ணெயிலிருந்து வருகிறவை. லாரி வாடகையும் காய்கறி விலையும் அதன் பின்னால் வருகிறவை. பெர்னான்கி சொன்ன குறைப்போ 2014 ஜனவரியில்தான் ஆரம்பமாயிற்று. செயல் வருமுன் ஜாடையே நம் அடுப்பங்கரைக்கு வந்துவிட்டது.

2025 ஆகஸ்ட் ஜாடையும் அப்படியே கடல் தாண்டியது. 25-ம் தேதி திங்கட்கிழமை மும்பைப் பங்கு மார்க்கெட் ஏறிற்று. இரண்டு நாள் கழித்து, 27-ம் தேதி, இந்தியச் சரக்குகள் மீது அமெரிக்கா விதித்த 50 சதவிகித வரி அமுலுக்கு வந்தது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஆர்டர்கள் நிறுத்திவைக்கப்பட்டன. தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அந்த வாரம் எந்தப் பாங்கியும் ஜாடை காட்டவில்லை.

நமது ரிசர்வ் பாங்கியின் சொற்களையும் மும்பைத் தரகர்கள் இப்படித்தான் எடை போடுகிறார்கள். 2025 ஜூன் 6-ம் தேதி ரெப்போ என்னும் அடிப்படை வட்டி அரை சதவிகிதம் குறைக்கப்பட்டு 5.50 ஆயிற்று, எதிர்பார்த்ததைவிடப் பெரிய குறைப்பு. ஆனால் அதே அறிக்கையில், வட்டிக் கொள்கையின் போக்கு ‘இணக்கம்’ என்றிருந்த சொல் ‘நடுநிலை’ என்று மாறியிருந்தது. குறைப்பு இத்தோடு முடிந்தது என்று தரகர்கள் படித்தார்கள். வட்டி குறைந்த பிறகும், அடுத்து வந்த வாரங்களில் சர்க்கார் கடன் பத்திரங்களின் விலை இறங்கிற்று. ஒரு சொல்லின் கனம் அரை சதவிகிதத்தைவிட அதிகம்! டிசம்பர் 5-ம் தேதி மேலும் கால் சதவிகிதம் குறைந்து 5.25-க்கு வந்தது. பிப்ரவரி முதல் டிசம்பர் வரை ஒரே ஆண்டில் மொத்தம் ஒன்றேகால் சதவிகிதம்.

இந்த ஒன்றேகால் யார் யாருக்குப் போய்ச் சேர்ந்தது? பாங்கியில் மாறும் வட்டிக்கு வீட்டுக் கடன் வாங்கியவருக்குச் சேர்ந்தது. 2019 அக்டோபர் 1-ம் தேதி முதல் அப்படிப்பட்ட புதுக் கடன்களின் வட்டியை ரெப்போ போன்ற ஒரு வெளி அளவுகோலோடு கட்டிவைக்க வேண்டும் என்று ரிசர்வ் பாங்கி விதி செய்திருக்கிறது. ஓய்வு பெற்ற தொழிலாளி கிராஜுவிட்டிப் பணத்தைப் பாங்கியில் போட்டு அந்த வட்டியில் மருந்து வாங்குகிறாரே, அவருக்கு வருமானம் குறைந்தது. குழுவில் சேர்ந்து ‘மைக்ரோ பைனான்ஸ்’ கம்பெனியிடம் 40,000, 50,000 என்று வாங்கி வாரத் தவணை கட்டும் விவசாயத் தொழிலாளிப் பெண்ணுக்கு? அவர் கையெழுத்துப் போட்ட வட்டி 20 சதவிகிதத்துக்கு மேல். கடன் தீரும் வரை அது மாறாது. 2022-ல் ரிசர்வ் பாங்கி இந்தக் கம்பெனிகளின் வட்டிக்கிருந்த உச்சவரம்பையும் எடுத்துவிட்டு, வட்டியைத் தாங்களே நிர்ணயித்துக்கொள்ளுங்கள், கொள்ளை வட்டி மட்டும் கூடாது என்று சொல்லிவிட்டது. எது கொள்ளை என்பதற்கு எண் ஏதும் குறிக்கவில்லை. கந்துவட்டிக்காரனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவனுக்கு ஜாடையும் கிடையாது, கமிட்டியும் கிடையாது.

ரிசர்வ் பாங்கியின் வட்டிக் கமிட்டி இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கூடுகிறது. ஆறு பேர் கொண்ட கமிட்டி. மூவர் பாங்கியைச் சேர்ந்தவர்கள், மூவரை மத்திய சர்க்கார் நியமிக்கிறது. கூட்டம் முடிந்த மறுநாள் பத்திரிகையில் ‘மார்க்கெட் வரவேற்றது’ என்றோ ‘மார்க்கெட் ஏமாற்றமடைந்தது’ என்றோ கொட்டை எழுத்தில் வரும். அதற்குக் கீழே காரணம் பொடி எழுத்தில் இருக்கும். சங்க ஆபீசில் பத்திரிகை படிக்கும் தோழர்கள் அந்தப் பொடி எழுத்தையும் உரக்கப் படிக்க வேண்டும். உற்பத்தி மந்தம், கிராக்கி குறைவு, வேலை தளர்ச்சி என்ற சொற்கள் அதில் இருந்தால், ஆலை வாசலில் ஆட்குறைப்பு நோட்டீஸ் ஒட்டப்படுமுன் நமக்குக் கிடைத்த தாக்கீது அது. முதலாளி அதைப் படித்துவிட்டுத்தான் போனஸ் பேச்சுக்கு வந்து உட்காருகிறார். நாமும் படித்துவிட்டுப் போவோம்.

கிராமங்களில் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகள் எழுப்ப வேண்டிய கோரிக்கை ஒன்று உண்டு. வீட்டுக் கடனுக்கு 2019-ல் விதித்த விதியைக் குழுக் கடனுக்கும் விதிக்க வேண்டும். ரெப்போவுக்கு மேல் இத்தனை சதவிகிதம்தான் என்று ஒரு வரம்பு கட்டி, ரெப்போ இறங்கும்போது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கடனுக்கும் தவணை இறங்க வேண்டும். 2025-ல் இந்த விதி இருந்திருந்தால், பிப்ரவரிக்கும் டிசம்பருக்கும் இடையில் தவணைச் சீட்டில் நாலு தடவை தொகை குறைந்து எழுதப்பட்டிருக்கும்.